பரு போன பிறகு நிற்கும் குழிகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தோல் ஓ.பி.யில் பருவோடு வருபவர்களைவிட, பரு போன பிறகு வருபவர்களுக்குத்தான் கேள்விகள் அதிகம். யூடியூபில் நாலு வீடியோ பார்த்துவிட்டு, "எனக்கு சிஓ2 லேசர் பண்ணிடுங்க டாக்டர்" என்று கருவியின் பெயரோடு வந்து உட்காருவார்கள். எந்த வகைக் குழி என்று பார்த்த பிறகுதான் எந்தக் கருவி என்று பேசவே முடியும். கீழே உள்ள பதில்களும் அந்த வரிசையில்தான் போகின்றன. மயக்க மருந்து இல்லாமல், முகத்தை மரத்துப்போகச் செய்து, சிகிச்சை முடிந்ததும் அன்றே வீட்டுக்கு அனுப்பும் முறைகளை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

என் முகத்தில் இருப்பது தழும்பா, வெறும் கருமையா?

கண்ணை மூடிக்கொண்டு விரல் நுனியால் கன்னத்தைத் தடவிப் பாருங்கள். தோல் சமமாக இருக்கிறது, கண்ணாடியில் மட்டும் பழுப்பாகவோ கறுப்பாகவோ புள்ளி தெரிகிறது என்றால் அது தழும்பு அல்ல. பரு வீங்கி ஆறிய இடத்தில் நிறமி கூடுதலாகச் சேர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். மாநிறத் தோலில் இது மிகச் சாதாரணம். வெயில் படாமல் பார்த்துக்கொண்டால் சில மாதங்களில் மங்கத் தொடங்கும். நிறமி ஆழத்தில் இறங்கிவிட்டால் ஒரு வருடத்துக்கு மேலும் ஆகலாம். இதற்கு சன்ஸ்கிரீனும், டாக்டர் எழுதித் தரும் அடபலீன் அல்லது அசெலாயிக் ஆசிட் க்ரீமும்தான் முதல் சிகிச்சை. எடுத்த எடுப்பில் ஊசியோ லேசரோ தேவையில்லை.

பள்ளம் இருக்கிறதா என்பதை வெளிச்சம் காட்டிக்கொடுக்கும். ஜன்னலுக்குப் பக்கவாட்டில் நின்று பாருங்கள், குழியின் ஒரு ஓரத்தில் நிழல் விழும். அதே முகம் நேர் வெளிச்சத்தில் வழவழவென்று தெரியும். லிஃப்ட் கண்ணாடியில் முகத்தைப் பார்த்து மனம் நொந்துபோய் வருபவர்கள் நிறைய. அங்கே விளக்கு தலைக்கு மேலே இருப்பதால் எல்லாக் குழியும் இரண்டு மடங்காகத் தெரியும்.

பெரும்பாலானவர்களுக்குக் கருமையும் குழியும் கலந்தேதான் இருக்கும். முதலில் கருமையைக் குறைத்துவிட்டால், "இவ்வளவு குழிதானா, இது பரவாயில்லை" என்று பலர் அங்கேயே நின்றுவிடுகிறார்கள். அது நல்ல முடிவுதான்.

பரு வந்தால் ஏன் குழி விழுகிறது? எல்லோருக்கும் விழுவதில்லையே?

பரு என்பது மயிர்க்கால் அடைபட்டு வீங்குவது. வீக்கம் முற்றி அந்த மயிர்க்காலின் சுவர் உள்ளுக்குள்ளேயே வெடித்தால், உள்ளே இருந்த எண்ணெயும் அழுக்கும் சுற்றியுள்ள சதையில் சிந்துகின்றன. அதை எதிர்க்க உடம்பு அனுப்பும் அணுக்களும் நொதிகளும் பக்கத்தில் இருக்கும் கொலாஜனையும், அதாவது தோலைத் தாங்கிப் பிடிக்கும் புரத நாரையும், சேர்த்தே கரைக்கின்றன. ஆறும்போது போன அளவுக்குக் கொலாஜன் திரும்பி வராவிட்டால் குழி. தேவைக்கு மேல் வந்துவிட்டால் மேடு. முகத்தில் பெரும்பாலும் குழிதான்.

வீக்கம் எத்தனை நாள் நீடித்தது, எவ்வளவு ஆழம், வீட்டில் அப்பா அம்மாவுக்குத் தழும்பு உண்டா, நகத்தால் கிள்ளும் பழக்கம் உண்டா என்பதைப் பொறுத்து ஆளுக்கு ஆள் மாறும். குறைந்துபோனது தோலுக்கு அடியில் இருக்கும் சரக்கு என்பதால், மேலே தடவும் கற்றாழை, உருளைக்கிழங்குச் சாறு, விலை உயர்ந்த சீரம் எதுவும் ஆழமான குழியை நிரப்பாது. எலுமிச்சைச் சாறு புண்ணாக்கிப் புதுக் கருமையையும் கொண்டுவரும்.

குழிகளில் வகை உண்டா?

உண்டு. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள். 2001-ல் அமெரிக்கத் தோல் மருத்துவர்கள் வெளியிட்ட பிரிவினையைத்தான் உலகம் முழுக்க இன்றும் பயன்படுத்துகிறோம்.

முதல் வகை ஐஸ் பிக். வாய் 2 மில்லிமீட்டருக்கும் குறைவு, ஆழம் மட்டும் அதிகம். பார்ப்பதற்குப் பெரிய துவாரம் என்றே தோன்றும். கன்னத்திலும் மூக்கை ஒட்டிய இடத்திலும் அதிகம். பலரின் முகத்தில் எண்ணிக்கையில் முந்துவது இதுதான். சாதாரண லேசரும் ஊசியும் இதன் அடிவரை போய்ச் சேர்வது கடினம்.

இரண்டாவது பாக்ஸ்கார். ஒன்றரை முதல் 4 மில்லிமீட்டர் அகலம், சுவர் செங்குத்தாக இறங்கும், அடி தட்டையாக இருக்கும். சின்னம்மை விட்டுப்போகும் வடுவும் பெரும்பாலும் இதே வடிவம்தான்.

மூன்றாவது ரோலிங். 4, 5 மில்லிமீட்டருக்கு மேல் அகலம், ஓரம் தெளிவாக இருக்காது, கன்னமே அலையலையாகத் தெரியும். இலவம்பஞ்சு மெத்தையில் நடுநடுவே நூல் போட்டு இழுத்துக் கட்டிய இடம் அமுங்கியிருக்குமே, அதேதான் இங்கேயும். தோலுக்குக் கீழே நார் போன்ற இழைகள் பிடித்து இழுப்பதால் மேல்தோல் உள்வாங்கியிருக்கிறது. மேலே எத்தனை முறை லேசர் அடித்தாலும் அந்த இழை அறுபடாதவரை பள்ளம் பள்ளமாகவே இருக்கும்.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். குழியின் இரு பக்கமும் விரலை வைத்துத் தோலை மெதுவாக இழுத்துப் பிடியுங்கள். பள்ளம் மறைந்துவிட்டால் ரோலிங் அல்லது ஆழமில்லாத பாக்ஸ்கார். எவ்வளவு இழுத்தாலும் புள்ளியாக நிற்கிறது என்றால் ஐஸ் பிக். ஒரே கன்னத்தில் மூன்றும் இருப்பதுதான் வழக்கம். அதனால்தான் ஒரே சிகிச்சையைத் திரும்பத் திரும்பச் செய்துகொண்டு, "காசு போனதுதான் மிச்சம்" என்று வருகிறார்கள்.

இன்னும் பரு வந்துகொண்டுதான் இருக்கிறது. குழிக்கு இப்போதே ஆரம்பிக்கலாமா?

வேண்டாம். ஒரு பக்கம் குழியைத் தூர்த்துக்கொண்டே மறுபக்கம் புதுக்குழி விழ விடுவதில் அர்த்தமில்லை. சீழ்ப் பருவின் மேல் ஊசி உருட்டினால் கிருமி பக்கத்துத் தோலுக்கும் பரவும். முதலில் பருவை அடக்கி, சில மாதங்களாவது புதுக் கட்டி எதுவும் வராமல் இருக்க வேண்டும். அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சின்னப் பரு வருவதற்காகக் காத்திருக்கத் தேவையில்லை.

ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை சாப்பிட்டேன். ஆறு மாதம் எதுவும் செய்யக்கூடாது என்கிறார்களே?

கடுமையான பருவுக்குக் கொடுக்கும் மாத்திரை இது. நீங்கள் கேட்டது பழைய விதி. 1980களில் இந்த மாத்திரை சாப்பிட்ட சிலருக்குத் தோலைத் தேய்த்து எடுக்கும் டெர்மாப்ரேஷன் செய்தபோது தழும்பு தடித்துப்போனது. அதிலிருந்து ஆறு மாதம், ஒரு வருடம் என்று எல்லாச் சிகிச்சைக்கும் தடை போட்டுவிட்டார்கள். 2017-ல் அமெரிக்காவிலும் இந்தியாவிலும் நிபுணர் குழுக்கள் சான்றுகளை மறுபடி அலசின. மைக்ரோநீட்லிங், ஆசிட் பூசி மேல்தோலை லேசாக உரிக்கும் பீலிங், புள்ளி புள்ளியாகச் சுடும் ஃப்ராக்ஷனல் லேசர் போன்றவற்றுக்கு அவ்வளவு நாள் காத்திருக்கக் காரணமில்லை என்பதுதான் அவர்களின் முடிவு. டெர்மாப்ரேஷனுக்கும் தோலை முழுசாக உரிக்கும் லேசருக்கும் தடை அப்படியே இருக்கிறது. மாத்திரை சாப்பிடுவதையோ சாப்பிட்டதையோ மறைக்காமல் சொல்லிவிடுங்கள், முடிவை உங்கள் டாக்டர் எடுக்கட்டும்.

பெண்களுக்கு ஒரு விஷயம். இந்த மாத்திரை கருவைக் கடுமையாகப் பாதிக்கும். சாப்பிடும் காலத்திலும், நிறுத்தி குறைந்தது ஒரு மாதம் வரையிலும் கர்ப்பம் தரிக்கவே கூடாது.

மைக்ரோநீட்லிங் என்றால் என்ன? ஊசியால் குத்தினால் குழி எப்படி நிரம்பும்?

மெல்லிய ஊசிகளால் தோலில் ஆயிரக்கணக்கான நுண்ணிய துளைகள் போடுகிறோம். உடம்பு அதைக் காயம் என்று எடுத்துக்கொண்டு ஆற்றத் தொடங்குகிறது. அந்த வேலையில் புதுக் கொலாஜன் உருவாகிறது. மேல்தோல் பெரிய அளவில் சேதப்படாததால் ஒன்றிரண்டு நாளில் மூடிக்கொள்ளும். 1990களில் கனடாவில் இரண்டு மருத்துவர்கள் பச்சை குத்தும் கருவியை மை இல்லாமல் தழும்புகளில் ஓட்டிப் பார்த்து 1997-ல் எழுதினார்கள். தென்னாப்பிரிக்க மருத்துவர் டெஸ்மண்ட் ஃபெர்னாண்டஸ் இதை ஊசி பதித்த உருளையாக வடிவமைத்துப் பரப்பினார். இப்போது பேனா வடிவ மின்கருவிகள் அதிகம்.

முதலில் மரத்துப்போகும் க்ரீமைத் தடவி, மேலே மெல்லிய பிளாஸ்டிக் தாளை ஒட்டி முக்கால் மணி நேரமோ ஒரு மணி நேரமோ உட்கார வைப்போம். பிறகு தோலை இழுத்துப் பிடித்துக்கொண்டு நெடுக்காகவும் குறுக்காகவும் சாய்வாகவும் ஓட்டுவோம். தழும்புக்குப் பொதுவாக ஒன்றரை முதல் இரண்டரை மில்லிமீட்டர் ஆழம். நெற்றியில் எலும்பு பக்கத்திலேயே இருப்பதால் ஆழம் குறைவு. கடுகை விடச் சின்னதாக ரத்தப் புள்ளிகள் ஒரே சீராக எழும்போது நிறுத்திவிடுவோம். வீடு திரும்பும்போது முகம் நல்ல வெயிலில் அலைந்ததுபோல் சிவந்திருக்கும். இரண்டு மூன்று நாளில் அடங்கிவிடும்.

ஆழமில்லாத பாக்ஸ்காருக்கும் ரோலிங் குழிக்கும் இது நன்றாக வேலை செய்யும். ஐஸ் பிக்குக்கு எதிர்பார்க்காதீர்கள். மாநிறத்துக்கும் கறுப்பு நிறத்துக்கும் லேசரை விடக் கருமை விழும் ஆபத்து இதில் குறைவு. நம் ஊரில் இதைத்தான் முதலில் யோசிக்க வேண்டும் என்பது என் கட்சி.

ஆன்லைனில் டெர்மா ரோலர் கிடைக்கிறது. வீட்டிலேயே உருட்டிக்கொள்ளலாமா?

வீட்டு உபயோகத்துக்கென்று வருபவற்றில் ஊசி பெரும்பாலும் 0.2 முதல் 0.5 மில்லிமீட்டர்தான். தழும்பு இருக்கும் ஆழத்துக்கு அது போகாது. ஒன்றரை மில்லிமீட்டர் ரோலரும் தடையில்லாமல் விற்கிறார்கள், ஆபத்து அதில்தான். சில முறை உருட்டியதுமே ஊசி முனை வளைந்து கொக்கியாகிவிடும். அப்புறம் அது குத்தாது, கீறும். கோடு கோடாகக் கருமையோடு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அக்காவும் தங்கையும் ஒரே ரோலரை மாற்றி மாற்றி உருட்டுவது இன்னும் மோசம். ரத்தம் பட்ட ஊசி என்பது ஊசிதான். ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி, எச்ஐவி எல்லாம் அதன் வழியே போகும். மிகைப்படுத்திச் சொல்லவில்லை. அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் உரிமம் இல்லாத ஒரு ஸ்பாவில் ரத்தமும் ஊசியும் சேர்த்துச் செய்யும் 'வாம்பயர் ஃபேஷியல்' மூலம் பெண்களுக்கு எச்ஐவி தொற்றியதை அந்நாட்டு நோய்த் தடுப்பு மையமான சிடிசி 2024-ல் வெளியிட்டது. கிளினிக்கில் செய்துகொண்டாலும் புது ஊசி முனையை உங்கள் கண் முன்னால் உறையைப் பிரித்துப் போடச் சொல்லிக் கேளுங்கள். கேட்டதற்குக் கோபித்துக்கொண்டால் எழுந்து வந்துவிடலாம்.

ஐஸ் பிக் குழிக்கு என்னதான் வழி?

கிராஸ் என்ற முறை. 2002-ல் கொரிய மருத்துவர்கள் எழுதியது. டிசிஏ என்ற ஆசிட்டை 65 முதல் 100 சதவீதச் செறிவில் எடுத்து, குழிக்குள் மட்டும் வைப்பது. இதற்கு விலை உயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். கூராகச் சீவிய ஒரு மரக்குச்சி போதும், பல்குத்தும் குச்சியையே பயன்படுத்துகிறோம். தோலை இழுத்துப் பிடித்து, குச்சி முனையில் ஒரு துளிக்கும் குறைவாக ஆசிட்டைத் தொட்டு, குழியின் அடியில் வைத்து அழுத்த வேண்டும். சில நொடிகளில் அந்த இடம் மட்டும் உப்புப் பூத்ததுபோல் வெளுக்கும். சுருக்கென்று எரியும், கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும். மறுநாள் புள்ளி புள்ளியாகப் பொருக்குக் கட்டி, ஒரு வாரத்தில் உதிரும். உள்ளே சுவர் வெந்து, புதுக் கொலாஜன் அடியிலிருந்து மேலே வரும். நாலு முதல் ஆறு வாரத்துக்கு ஒருமுறை, சில தடவை செய்ய வேண்டியிருக்கும்.

மலிவானது என்று அசட்டையாக இருக்க முடியாது. ஆசிட் குழியைத் தாண்டிச் சிந்தினால் குழி அகலமாகும், சுற்றிலும் கறுக்கும், சில சமயம் வெளுத்தே போகும். நம் நிறத்துக்குப் பலர் இன்னும் குறைந்த செறிவில்தான் தொடங்குவார்கள். இந்த ஆசிட்டை ஆன்லைனில் வாங்கி வீட்டில் முயன்று பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம்.

சப்சிஷன் செய்தால் முகம் வீங்கிவிடுமாமே?

வீங்கும், கன்னிப்போகும். ஒன்று முதல் இரண்டு வாரம் ஆகும். அதைச் சமாளிக்க முடியுமா என்று யோசித்துத் தேதி குறித்துக்கொள்ளுங்கள்.

மெத்தை நூல் என்று சொன்னேனே, அந்த இழைகளை அறுப்பதுதான் சப்சிஷன். டேவிட் ஓரன்ட்ரைக்கும் நார்மன் ஓரன்ட்ரைக்கும் 1995-ல் இந்த முறையை விவரித்தார்கள். குழிகள் இருக்கும் இடத்தைப் பேனாவால் வட்டமிட்டு, மரப்பு ஊசி போட்டு, ஓரத்தில் ஒரே ஒரு சின்னத் துளை வழியாக வெட்டுமுனை கொண்ட ஊசியையோ முனை மழுங்கிய மெல்லிய குழாயான கேனுலாவையோ தோலுக்கு அடியில் செலுத்தி முன்னும் பின்னுமாக நகர்த்துவோம். இழைகள் அறுபடும்போது நறநறவென்று சத்தம் கேட்கும். காதுக்குப் பக்கத்தில் நடப்பதால் படுத்திருப்பவருக்கு அது நன்றாகவே கேட்கும். வலி இருக்காது, ஆனால் முன்கூட்டியே சொல்லாவிட்டால் ஆள் பயந்துவிடுவார். பிறகு சில நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும்.

அறுத்த இடத்தில் ஊறும் ரத்தமே இடைவெளியைப் பிடித்துக்கொண்டு, அங்கே புதுத் திசு வளர உதவுகிறது. ரத்தம் அதிகமாகத் தேங்கினால் சிலருக்குச் சின்ன உருண்டையாகக் கையில் தட்டுப்படும். பெரும்பாலும் வாரக்கணக்கில் கரைந்துவிடும். ஆஸ்பிரின் போன்ற ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து சாப்பிடுபவர்கள் கட்டாயம் சொல்லிவிட வேண்டும். அதைத் தாங்களாக நிறுத்திக்கொண்டும் வரக்கூடாது, இதய டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

லேசர்தான் பெஸ்ட் என்கிறார்களே?

சில குழிகளுக்கு, சில நிறங்களுக்கு. 2004-ல் ஹார்வர்டைச் சேர்ந்த மேன்ஸ்டைன், ஆண்டர்சன் குழு ஒரு யோசனையை முன்வைத்தது. தோல் முழுவதையும் சுடாமல், நுண்ணிய புள்ளி புள்ளியாகச் சுட்டு, நடுவில் நல்ல தோலை விட்டுவைத்தால் சீக்கிரம் ஆறும் என்பதுதான் அது. ஃப்ராக்ஷனல் லேசர் என்பது இதுவே. கார்பன் டை ஆக்சைடு லேசரும் எர்பியம் லேசரும் தோலில் நுண்துளை போடுபவை, வேகம் அதிகம், ஆறவும் ஒரு வாரம் ஆகும். மேல்தோலை உடைக்காமல் உள்ளே மட்டும் சூடாக்கும் வகையும் உண்டு. அதில் ஓய்வு குறைவு, சிட்டிங் அதிகம்.

நிறத்தை வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும். தோல் நிறத்தை ஆறாகப் பிரிக்கும் ஃபிட்ஸ்பேட்ரிக் அளவுகோலில் நம்மில் பெரும்பாலானோர் நாலு, ஐந்தில் வருகிறோம். சூடு பட்டால் கறுக்கும் தோல் இது. குழி கொஞ்சம் ஏறியிருக்கும், ஆனால் கன்னம் முழுக்க லேசர் முனையின் சதுர அச்சோடு மாதக்கணக்கில் கறுத்திருக்கும். இந்தக் கருமை பெரும்பாலும் போய்விடும் என்றாலும் அந்த மாதங்கள் கொடுமை. லேசர் கூடவே கூடாது என்று சொல்லவில்லை. அடர்த்தியைக் குறைத்து, இடைவெளி விட்டு, முன்னும் பின்னும் சன்ஸ்கிரீன் போட்டுச் செய்தால் நல்ல பலன் உண்டு. வெள்ளைத் தோலுக்கு எழுதிய அளவை அப்படியே வைத்து அடிக்கும் இடங்களில்தான் விபரீதம். வாயோரம் அடிக்கடி அக்கி போலக் கொப்புளம் வருபவர் என்றால், லேசருக்கு முன்பே வைரஸை அடக்கும் மாத்திரை தொடங்க வேண்டும்.

ஆர்எஃப் மைக்ரோநீட்லிங்கில் கருமை வராது என்று விளம்பரம் வருகிறதே?

ஊசி முனையில் ரேடியோ அலைச் சூட்டை உள்ளே இறக்குவது அது. மேல்தோல் அதிகம் சுடப்படாததால் கருமை குறைவு என்பது ஓரளவு நியாயம்தான். வராது என்பது மிகை. ஆழமும் சக்தியும் தவறினால் தீக்காயம், தழும்பு, கன்னத்தின் கொழுப்பு கரைந்து ஒட்டிப்போவது எல்லாம் நடக்கிறது. இவற்றைக் குறிப்பிட்டு அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2025-ல் எச்சரிக்கையே விட்டது. ஏற்கெனவே ஒடுங்கிய கன்னம் உள்ளவர்கள் கூடுதலாக யோசிக்க வேண்டும்.

ஆழமான, அகலமான ஒரே ஒரு குழி. அதற்கும் முகம் முழுக்கச் சிகிச்சையா?

தேவையே இல்லை. பஞ்ச் முறை இருக்கிறது. குழியின் அளவுக்கே உள்ள சின்ன வட்டக் கத்தியால் அதை வெட்டி எடுத்து ஒரு தையல் போடலாம். குழியின் அடித்தோல் நன்றாக இருந்தால், அதை எடுக்காமல் மேலே தூக்கிச் சுற்றுத் தோலோடு சமமாக்கலாம். தையலை ஒரு வாரத்துக்குள் பிரித்துவிடுவோம். மெல்லிய கோடு ஒன்று மிஞ்சும். பிறகு லேசாக மைக்ரோநீட்லிங் செய்து அதையும் மங்க வைக்கலாம்.

ஃபில்லர், பிஆர்பி எல்லாம் வேண்டுமா?

ஃபில்லர் என்பது குழிக்கு அடியில் ஊசியால் போட்டு நிரப்பும் பொருள். ஹயலூரானிக் ஆசிட் ஃபில்லர் ரோலிங் குழியை உடனே தூக்கிக் காட்டும், சில மாதங்களில் கரைந்துவிடும். மறுபடி போட வேண்டும், மறுபடி செலவு. பெல்லாஃபில் என்ற நிரந்தர வகைக்குக் கன்னத்துப் பருத் தழும்புக்காகவே 2014-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அதில் மாட்டுக் கொலாஜன் இருப்பதால் முன்கூட்டியே ஒவ்வாமைச் சோதனை வேண்டும். எந்த ஃபில்லரும் தவறி ரத்தக் குழாய்க்குள் போனால் தோல் அழுகலாம், அரிதாகப் பார்வையே போகலாம். அழகு நிலையத்தில் போட்டுக்கொள்ளும் சமாச்சாரம் அல்ல இது.

பிஆர்பி என்பது உங்கள் ரத்தத்தையே எடுத்துச் சுழற்றி, பிளேட்லெட் நிறைந்த பகுதியைத் தடவுவது அல்லது போடுவது. மைக்ரோநீட்லிங்கோடு சேர்த்தால் கொஞ்சம் கூடுதல் பலன் என்று சில ஆய்வுகள் சொல்கின்றன, பெரிய வித்தியாசமில்லை என்று சில. பணம் அளவாகத்தான் இருக்கிறது என்றால் அந்தக் காசை இன்னொரு சிட்டிங்குக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்பேன்.

கெமிக்கல் பீலிங் மட்டும் போதுமா?

கருமைக்கும், மிச்சமிருக்கும் சின்னப் பருவுக்கும் போதும். குழிக்குப் போதாது.

தாடையிலும் நெஞ்சிலும் தழும்பு குழியாக இல்லை, மேடாகத் தடித்திருக்கிறது. இதற்கு என்ன?

மேலே சொன்ன எதுவும் இதற்குப் பொருந்தாது. தடித்த தழும்பையோ, காயத்தின் எல்லையைத் தாண்டி வளரும் கீலாய்டையோ குத்தினால், சுட்டால், வெட்டினால் இன்னும் வளர வாய்ப்பு உண்டு. டிரையாம்சினலோன் என்ற ஸ்டீராய்டு ஊசியைத் தழும்புக்குள்ளேயே மாதம் ஒருமுறை போட்டு அமுங்க வைப்பதுதான் முதல் வழி. கூடவே சிலிக்கான் ஜெல் அல்லது ஷீட். அரிப்பும் வலியும் முதலில் அடங்கும், மேடு மெதுவாக இறங்கும். உடம்பில் எங்காவது கீலாய்டு இருந்தால், காது குத்திய இடத்தில் இருந்தால்கூட, முகத்தில் எந்தச் சிகிச்சைக்கும் முன்னால் அதைக் காட்டிவிடுங்கள்.

எத்தனை சிட்டிங்? எவ்வளவு குறையும்? செலவு?

கலந்த குழிகள் உள்ள முகத்துக்குப் பொதுவான வரிசை இது. முதலில் சப்சிஷன், ஐஸ் பிக்குகளுக்கு கிராஸ், பிறகு மைக்ரோநீட்லிங் அல்லது லேசர் நாலு முதல் ஆறு வார இடைவெளியில் மூன்று, நாலு முறையாவது. சிலவற்றை ஒரே நாளில் சேர்த்தும் செய்வார்கள். கொலாஜன் மெதுவாகத்தான் முதிரும். கடைசி சிட்டிங் முடிந்து மூன்று முதல் ஆறு மாதம் கழித்துத்தான் முழுப் பலன் தெரியும். ஆக, கிட்டத்தட்ட ஒரு வருட வேலை. முதல் வாரம் பளபளவென்று தெரிவது வீக்கம், அதைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

குழி குறையும், மறையாது. பாதிக்குப் பாதி குறைந்தால் நல்ல பலன் என்று எடுத்துக்கொள்ளலாம். "நூறு சதவீதம் கியாரண்டி" என்று எழுதியிருக்கும் போர்டைத் தாண்டிப் போய்விடுங்கள். அவர்கள் காட்டும் முன், பின் படங்களில் முகத்தைப் பார்க்காமல் நிழலைப் பாருங்கள். முன் படத்தில் பக்க வெளிச்சம், பின் படத்தில் நேர் வெளிச்சம் என்றால் கேமராதான் சிகிச்சை செய்திருக்கிறது. உங்கள் படத்தையும் ஒரே இடத்தில், ஒரே வெளிச்சத்தில் மாதம் ஒன்று எடுத்து வையுங்கள்.

தனியார் கிளினிக்கில் ஒவ்வொரு சிட்டிங்கும் ஆயிரக்கணக்கில் போகும், ஊருக்கு ஊர் மாறும். மொத்தச் சிட்டிங்குக்கும் முன்பணம் கட்டினால் தள்ளுபடி என்பார்கள். முதல் சிட்டிங்குக்குத் தோல் எப்படி ஆறுகிறது என்று பார்க்காமல் ஆறுக்கும் சேர்த்துக் கட்டாதீர்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தோல் பிரிவு இருக்கிறது. என்னென்ன செய்கிறார்கள் என்று ஓ.பி.யில் விசாரித்துவிட்டுத் தனியாருக்குப் போவது புத்திசாலித்தனம்.

இரண்டு மாதத்தில் கல்யாணம். அதற்குள் சரி செய்ய முடியுமா?

முடியாது என்று சொன்னால் பெண்ணைவிட அம்மாவுக்குத்தான் கோபம் வருகிறது. இரண்டு மாதத்தில் பருவை அடக்கலாம், கருமையைக் குறைக்கலாம், ஒரு முறை மைக்ரோநீட்லிங்கும் செய்யலாம். புதிதாக லேசர் எதுவும் வேண்டாம். கறுத்துவிட்டால் முகூர்த்தத்துக்குள் தெளியாது. குழிக்காகவே சிகிச்சை வேண்டும் என்றால் ஒரு வருடம் முன்னால் வாருங்கள், இல்லையா, கல்யாணம் முடிந்து நிதானமாக வாருங்கள்.

கத்திரி வெயிலில் செய்யலாமா? வீட்டுக்குப் போய் என்ன கவனிக்க வேண்டும்?

ஏசி அறையில் வேலை என்றால் மைக்ரோநீட்லிங்குக்குத் தடையில்லை. நாள் முழுக்க பைக்கில் அலையும் வேலை என்றால் சித்திரை, வைகாசி போகட்டும், லேசர் என்றால் கட்டாயம் போகட்டும்.

முதல் நாள் மேக்கப், சோப்பு, வியர்க்க வியர்க்க உடற்பயிற்சி மூன்றும் வேண்டாம். வெறும் தண்ணீரில் கழுவி, எழுதிக் கொடுத்த களிம்பை மட்டும் போடுங்கள். கையில் இருக்கும் வைட்டமின் சி சீரத்தைத் திறந்திருக்கும் துளைகளின் மேல் பூசாதீர்கள், உள்ளே போய் ஒவ்வாமைக் கட்டிகளைக் கிளப்பலாம். மஞ்சளும் வேண்டாம், சந்தனமும் வேண்டாம். பொருக்கைப் பிய்த்தால் அந்த இடம் நிச்சயம் கறுக்கும். புண் மூடியதும் எஸ்பிஎஃப் 30-க்கு மேல் சன்ஸ்கிரீன், ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் நீளத்துக்குப் பிதுக்கி எடுத்த அளவு. பட்டாணி அளவு போட்டால் போட்டதற்கே கணக்கில்லை. வலி கூடிக்கொண்டே போனாலோ, சீழோ கொப்புளமோ வந்தாலோ வாட்ஸ்அப்பில் படம் அனுப்பிக் காத்திருக்காமல் நேரில் போய்விடுங்கள்.

யாருக்கு இதெல்லாம் வேண்டாம்?

கர்ப்பிணிகள் தள்ளிப்போடலாம், அவசரம் ஒன்றுமில்லை. சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்கள், முகத்தில் அக்கியோ சீழ்ப் புண்ணோ இருப்பவர்கள் அது சரியான பிறகு. வெண்புள்ளி பரவிக்கொண்டிருப்பவர்களுக்குக் குத்திய இடத்தில் புது வெண்புள்ளி வரக்கூடும், அதனால் வேண்டாம். கண்ணாடியை விட்டு நகர முடியாமல், வெளியே போகவே பயந்து ஒடுங்கியிருப்பவர்களுக்கு முதலில் மனநல மருத்துவரின் உதவி தேவைப்படலாம். இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும், ஆனாலும் சொல்லத்தான் வேண்டும்.

சரியான டாக்டர் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

எம்.டி. டி.வி.எல்., டி.டி.வி.எல்., அல்லது தோல் பிரிவில் டி.என்.பி. படித்திருக்க வேண்டும். அவர் மாநில மருத்துவக் கவுன்சிலில் பதிவு செய்திருக்கிறாரா என்று பார்க்கலாம். 'காஸ்மெட்டாலஜிஸ்ட்' என்று போர்டில் எழுத ஒரு சின்ன சான்றிதழ் போதும் என்கிற நிலை இருக்கிறது. யார் கையில் கருவி இருக்கப்போகிறது, டாக்டரா உதவியாளரா என்று நேராகவே கேளுங்கள். உங்கள் குழிகளைப் பக்க வெளிச்சத்தில் பார்க்காமல், தோலை இழுத்துப் பார்க்காமல், நேரே பேக்கேஜ் விலையைச் சொன்னால் அடுத்த இடம் பார்க்கலாம்.

என் பையனுக்குப் பதினாறு வயது. பரு நிறைய. தழும்பு விழாமல் தடுக்க முடியுமா?

இந்தக் கேள்வியோடு வருபவர்கள் குறைவு, வந்தால் சந்தோஷமாக இருக்கும். "வயசு அப்படி, தானாப் போயிடும்" என்று வீட்டில் சொல்லிக் கழிக்கும் இரண்டு மூன்று வருடத்தில்தான் குழிகள் விழுகின்றன. பரு போவது உண்மை, குழி போகாது. சின்னப் பருவாக இருக்கும்போதே அடபலீன், பென்சாயில் பெராக்சைடு போன்றவற்றைத் தொடங்கி மாதக்கணக்கில் விடாமல் போட வேண்டும். 0.3 சதவீத அடபலீனும் 2.5 சதவீத பென்சாயில் பெராக்சைடும் சேர்ந்த ஜெல்லை ஒரு பக்கக் கன்னத்தில் மட்டும் ஆறு மாதம் போட்டுப் பார்த்த ஆய்வில், மருந்து போட்ட பக்கம் குழிகள் குறைந்தன, போடாத பக்கம் கூடின. வலிக்கும் கட்டிகளாக வந்தால் ஐசோட்ரெட்டினாயினைத் தள்ளிப்போடக் கூடாது.

மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு கலந்த 'சிவப்பாக்கும்' க்ரீமைப் பையன் கையில் கொடுக்காதீர்கள். முதல் வாரம் பரு அமுங்கியதுபோல் தெரியும், நிறுத்தியதும் முன்னைவிட மூர்க்கமாக வரும். ராத்திரி கண்ணாடி முன்னால் நின்று பிதுக்குகிறானா என்று ஒரு கண் வைத்திருங்கள். திட்டினால் பாத்ரூமில் போய்ப் பிதுக்குவான். மருந்தகத்தில் பருவின் மேல் ஒட்டும் சின்ன ஹைட்ரோகொலாய்டு பேட்ச் கிடைக்கிறது. அதை ஒட்டிவிட்டால் விரல் அங்கே போகாது.